பத்தாவது பக்கத்தோடு நின்றுபோகும் ஸ்கெட்ச்புக்

கேள்வி: இல்லஸ்ட்ரேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அலமாரியில் ஏழு ஸ்கெட்ச்புக் இருக்கிறது, ஒன்றுகூடப் பத்துப் பக்கம் தாண்டவில்லை. தினமும் வரையச் சொல்கிறார்கள். உட்கார்ந்தால் என்ன வரைவதென்று தெரியவில்லை. மற்ற மாணவர்கள் இணையத்தில் போடும் பக்கங்களைப் பார்த்தபின் கை ஓடுவதே இல்லை. தூண்டுதலை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? ஆண்டு முடிவில் ஸ்கெட்ச்புக்கையும் மதிப்பீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு எப்படித் தயாராவது?

பதில்:

ஏழு என்றதும் சிரித்துவிட்டேன். கேலி இல்லை, படிக்கிற காலத்தில் என்னிடம் பதினொன்று இருந்தது. புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் படம் போடுவதுதான் இப்போது என் பிழைப்பு. நடுவில் சில ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். நான் பார்த்தவரை ஸ்கெட்ச்புக் பாதியில் நிற்பது சோம்பலால் அல்ல. உங்கள் ஏழையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் கடைசியாக வரைந்த பக்கத்தைப் பாருங்கள். ஒன்று, அங்கே மிக மோசமான படம் இருக்கும். இல்லையென்றால் மிக நல்ல படம் இருக்கும். மோசமாக வந்திருந்தால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று வரைய மனம் வராது. நன்றாக வந்திருந்தால் அடுத்த பக்கத்தில் கெடுத்துவிடுவோமோ என்று பயம். என்னுடைய பதினொன்றில் எட்டு, நல்ல படத்தோடுதான் நின்றிருந்தன.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. யாரோ புரட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வரைகிறோம். இணையத்தில் நீங்கள் பார்க்கும் ஸ்கெட்ச்புக் பக்கங்களில் பல, வேறு தாளில் திட்டமிட்டு, அளந்து, பிறகு புத்தகத்தில் ஏற்றியவை. அதில் தவறு ஒன்றும் இல்லை, அது ஒரு முடித்த வேலை. அதை உங்கள் பயிற்சிப் பக்கத்தோடு ஒப்பிடுவது, மேடையில் நடந்த கச்சேரியை வீட்டுச் சாதகத்தோடு ஒப்பிடுவது மாதிரி.

பழைய ஓவியர்களின் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தால் இந்த மயக்கம் சீக்கிரம் தெளியும். லியனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் 7,000 பக்கங்களுக்கு மேல் இன்றும் கிடைக்கின்றன. பறவையின் சிறகு, நீர்ச்சுழல், எலும்பு, பற்சக்கரம் எல்லாம் இருக்கும். அவற்றுக்கு நடுவே செலவுக் கணக்கும் செய்யவேண்டிய வேலைகளும் இருக்கும், அதுவும் கண்ணாடியில் பிடித்துப் படிக்கவேண்டிய, இடவலம் மாறிய எழுத்தில். டர்னர் விட்டுச்சென்ற ஸ்கெட்ச்புக்குகள் கிட்டத்தட்ட 300, லண்டனில் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் பல பக்கங்களில் ஒரு தொடுவானக் கோடு, ஒரு கோட்டையின் வெளிவரை, நாலைந்து பென்சில் கிறுக்கல், அவ்வளவுதான். நமக்கு ஒன்றும் புரியாது. அவருக்குப் புரிந்தது, அதை வைத்துக்கொண்டு ஓவியக்கூடத்தில் உட்கார்ந்து பெரிய படம் தீட்டினார். கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களாக வரைந்து தள்ளினார். பல படங்களின் பின்புறம் தேதி, நேரம், காற்றடித்த திசை என்று எழுதியிருக்கிறார். 1832இல் மொராக்கோ போன டெலக்ருவா, வரைய நேரமில்லாத இடத்தில் நிறங்களின் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டார்.

இவர்கள் எல்லோரும் பக்கத்தில் எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள். மாணவர்கள் ஏனோ எழுதுவதில்லை, படம் கெட்டுவிடும் என்று நினைக்கிறார்கள். ஒரு படத்துக்குப் பக்கத்தில் ‘தோள் சரி, கால் எங்கே ஊன்றியிருந்தது என்று பார்க்கத் தவறிவிட்டேன்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்தப் பக்கம் மோசமான படம் என்ற நிலையிலிருந்து பயனுள்ள குறிப்பு என்ற நிலைக்கு வந்துவிடும். பிறகு அதைத் தாண்டிப் போவது எளிது.

சில சில்லறை வேலைகளும் உதவும். முதல் பக்கத்தில் தொடங்க வேண்டாம், புத்தகத்தை நடுவில் திறந்து தொடங்குங்கள். எல்லாப் பக்கத்துக்கும் முன்கூட்டியே எண் போட்டுவிடுங்கள். எண் போட்ட பக்கத்தைக் கிழித்தால் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் கிழிக்கத் தோன்றாது. ஒரு மாதத்துக்கு ரப்பரைத் தொடாமல் பேனாவில் மட்டும் வரையுங்கள். அப்புறம், விலை உயர்ந்த தாள் வேண்டாம். தாள் எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவு கை நடுங்கும்.

சரி, என்ன வரைவது? இங்கேதான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ‘கண்ணில் படுவதையெல்லாம் வரை’ என்ற அறிவுரை ஓவியம் படிக்கிறவருக்குப் போதும்; இல்லஸ்ட்ரேஷன் படிக்கிறவருக்குப் போதாது என்பது என் கட்சி.

மாணவர்களின் ஸ்கெட்ச்புக்கைப் புரட்டினால் பெரும்பாலும் பெயர்ச்சொற்களாக இருக்கும். கோப்பை. செருப்பு. கண். செடி. தூங்கும் பூனை. எல்லாம் நன்றாகவே வரைந்திருக்கும். ஆனால் இல்லஸ்ட்ரேஷனுக்கு வேண்டியது வினைச்சொல். ஒரு கதைக்கோ கட்டுரைக்கோ படம் கேட்டு வருகிறவர் ‘ஒரு கிழவி’ என்று கேட்பதில்லை. ‘கிழவி கடிதத்தைப் பிரிக்கத் தயங்குகிறாள்’ என்று கேட்பார். கிழவியை வரையத் தெரியும், கடிதத்தை வரையத் தெரியும். தயங்குவதை எப்படி வரைவது?

இன்னும் ஒரு படி போய், வினையெச்சத்தை வரையுங்கள் என்று சொல்வேன். பள்ளியில் படித்திருப்பீர்கள்: ‘வந்தான்’ என்பது முற்று, ‘வந்து’ என்பது எச்சம். ‘வந்து’ என்று நிறுத்தினால் கேட்கிறவர் விடமாட்டார், ‘வந்து?’ என்று இழுப்பார். கதைக்குப் போடும் படத்துக்கு இந்த இழுப்பு வேண்டும். மேசை நடுவில் ஒரு கோப்பை இருந்தால் அது பெயர்ச்சொல். தரையில் உடைந்து கிடந்தால் முற்று, கதை முடிந்துவிட்டது, பார்ப்பவருக்கு வேலையில்லை. மேசை விளிம்புக்கு வெளியே பாதி நீண்டிருக்கிறது, பக்கத்தில் ஒரு குழந்தையின் முழங்கை வருகிறது என்றால் அது எச்சம். பக்கத்தைப் புரட்டாமல் யாராலும் இருக்க முடியாது. மாணவர்கள் அனேகமாக உடைந்த கோப்பையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், அதுதான் ‘நிகழ்ச்சி’ என்று தோன்றும். நானும் பல வருடம் உடைத்துக்கொண்டிருந்தவன்தான்.

இதைப் பயிற்சியாகச் செய்வது எளிது. பக்கத்தின் தலைப்பில் ஒரு வினையெச்சத்தை எழுதுங்கள்: திரும்பி, ஒளித்து, குனிந்து, கண்டும் காணாமல், எட்டிப் பிடிக்க. ஒரே ஆளை, முகவிவரம் இல்லாத வெறும் உருவமாக, அந்த எச்சத்துக்குப் பத்து விதமாக வரையுங்கள். முகம் வேண்டாம் என்பதில் கண்டிப்பாக இருங்கள். முகம் வந்துவிட்டால் புருவத்தை நெரித்து வேலையை முடித்துவிடுவோம். உடம்பு மரக்கட்டையாக நிற்கும். தயக்கம் பாதத்தில் தெரியும், முதுகில் தெரியும், பிடித்திருக்கும் பொருளை உடம்புக்கு எவ்வளவு அருகில் வைத்திருக்கிறோம் என்பதில் தெரியும். பின்னாலிருந்து பார்த்த உருவங்களை நிறைய வரைந்தால் இது கைவரும்.

ஆனால் இவற்றைக் கற்பனையில் மட்டும் செய்தால் வறண்டுவிடும். வெளியே போய் ஆட்களைப் பார்க்க வேண்டும். காத்திருக்கிற இடங்கள் எல்லாமே நல்ல வகுப்பறை: நிலையம், நூலகம், மருத்துவமனைக் கூடம். அங்கே ஒருவரும் உங்களுக்காக அசையாமல் இருக்கமாட்டார்கள். ஒரு நிலை இருபது வினாடி கிடைத்தால் அதிர்ஷ்டம். அதற்காகப் பதற வேண்டாம். மனிதர்கள் ஒரே சில நிலைகளுக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். போனைப் பார்த்துக் குனிந்தவர் நிமிர்ந்துவிட்டாரா? அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலேயே நிமிர்ந்ததைத் தொடங்குங்கள். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் குனிவார், அப்போது முதல் படத்துக்குத் திரும்பலாம். இப்படி ஒரு பக்கத்தில் ஐந்தாறு அரைகுறை உருவங்கள் ஒரே நேரத்தில் வளரும்.

வரிசையும் முக்கியம். தலையில் தொடங்காதீர்கள். உடம்பின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, முதுகுத்தண்டு எப்படி வளைகிறது, தோள்கள் எந்தப் பக்கம் சரிகின்றன, இந்த மூன்றும் முதல் பத்து வினாடியில் தாளுக்கு வந்துவிட்டால் ஆள் எழுந்து போனாலும் பரவாயில்லை. மீதியை நீங்களே முடித்துக்கொள்ளலாம். யாராவது கவனித்துவிட்டால் சிரித்துப் புத்தகத்தைக் காட்டுங்கள், அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் கோபித்துக்கொண்டவர் ஒருவர்தான்; அதுவும் மூக்கைப் பெரிதாக வரைந்துவிட்டேன் என்பதற்காக.

அடுத்தது நினைவிலிருந்து வரைவது. இதைப் பலர் தவிர்க்கிறார்கள், ஆனால் நம் தொழிலில் பாதி இதுதான். மழையில் குதிரையிலிருந்து இறங்கும் கிழவிக்கு மாடல் எங்கே தேடுவீர்கள்? 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் லெகாக் த புவாபோத்ரான் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். நினைவுப் பயிற்சியை ஒரு முழுப் பாடமாகவே நடத்தியவர். எளிய வடிவங்களில் தொடங்கி, பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு, மூலத்தை மறைத்துவிட்டு வரையச் சொல்வார். படிப்படியாகக் கடினமானவற்றுக்குப் போவார். சிற்பி ரோடானும் ஓவியர் ஃபான்டான்-லத்தூரும் அவரிடம் படித்தவர்கள்.

நான் செய்யும் விதம் இது. ஒரு நிமிடம் பார்ப்பேன், பேனாவைத் தொடமாட்டேன். திரும்பி உட்கார்ந்து கறுப்புப் பேனாவில் வரைவேன். பிறகு மறுபடி பார்த்து, அதே படத்தின் மேலேயே சிவப்புப் பேனாவால் திருத்துவேன். பக்கம் பார்க்கச் சகிக்காது, அதைப் பற்றிக் கவலையில்லை. இருபது முப்பது பக்கம் சேர்ந்தபின் சிவப்பு எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தேன். என் விஷயத்தில் மணிக்கட்டு. கையையும் முன்கையையும் நேராக ஒட்டிவிடுவேன், நடுவில் மணிக்கட்டு என்று ஒன்று இருப்பதையே என் கண் பார்த்ததில்லை. எந்த ஆசிரியரும் எனக்கு அதைச் சொல்லவில்லை, சிவப்புப் பேனா சொன்னது. உங்களுக்கு அது கழுத்தாக இருக்கலாம், நாற்காலியின் பின்கால்களாக இருக்கலாம்.

தம்ப்நெயில் எனப்படும் குட்டிப்படங்களையும் ஸ்கெட்ச்புக்கிலேயே போடுங்கள், தனித்தாளில் போட்டுத் தொலைக்காதீர்கள். தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் போதும். ஒரு காட்சிக்கு இருபது. முதல் நாலைந்து, யாரைக் கேட்டாலும் வரைந்திருப்பதுதான். அதற்கப்புறம் ஒன்றும் தோன்றாமல் ஒரு வறட்சி வரும். அங்கேதான் எழுந்து போகத் தோன்றும். அந்த நேரத்தில் கண்ணின் இடத்தை மாற்றுங்கள்: கூரையிலிருந்து பார்த்தால்? மேசைக்கு அடியில் உட்கார்ந்து பார்த்தால்? காட்சியில் முக்கியமான ஆள் படத்துக்கு வெளியே நின்றால்? கோட்டை விட்டுவிட்டு வெள்ளை, நடுச்சாம்பல், கறுப்பு என்ற மூன்றே தொனியில் கட்டத்தை நிரப்பிப் பாருங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எது முதலில் தெரிகிறதோ, அதுதான் உங்கள் கதையில் முக்கியமானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு அழகாக வரைந்தாலும் கண் தவறான இடத்துக்குப் போனால் படம் தோற்றது.

இப்போது தூண்டுதலுக்கு வருகிறேன். விளக்கில் திரியைத் தூண்டிவிடுவோம் அல்லவா, அந்தச் சொல்தான் இது. எண்ணெய் இல்லாத விளக்கில் திரியை எவ்வளவு தூண்டினாலும் கருகத்தான் செய்யும். ‘எனக்குத் தூண்டுதல் இல்லை’ என்று சொல்லும் மாணவரிடம் ‘இந்த மாதம் என்ன படித்தீர்கள், எதை அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தீர்கள்’ என்று கேட்பேன். அனேகமாக, மற்ற இல்லஸ்ட்ரேட்டர்களின் படங்களை என்று பதில் வரும். இங்கேதான் சிக்கல். நீங்கள் எதைச் சொடுக்குகிறீர்களோ அதைப் போன்றதையே திரை மேலும் மேலும் தரும். ஆறு மாதத்தில் வகுப்பில் பாதிப் பேர் ஒரே மாதிரி சிவந்த மூக்கும் ஒரே மாதிரி மங்கிய இளஞ்சிவப்பும் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

எண்ணெய் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்கப் படப்புத்தகக் கலைஞர் மாரிஸ் செண்டாக்கைப் பற்றிய கதை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். காட்டுக் குதிரைகளைப் பற்றி ஒரு படப்புத்தகம் செய்ய ஒத்துக்கொண்டார். கடைசியில் பார்த்தால் அவருக்குக் குதிரை வரைய வரவில்லை! குதிரைகளை விட்டுவிட்டு ஏதோ விலங்குகள் என்று மாற்றிக்கொண்டார். அவற்றுக்கு என்ன முகம் கொடுப்பது? சிறு வயதில் வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளிய மாமன்களும் அத்தைகளும் நினைவுக்கு வந்தார்கள்: பெரிய பற்கள், மூக்கு மயிர், மிரட்டும் பாசம். 1963இல் ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ என்ற பெயரில் அந்தப் புத்தகம் வந்தது, உலகம் முழுக்கக் குழந்தைகள் இன்றும் புரட்டுகிறார்கள். குதிரை வரையத் தெரிந்திருந்தால் அந்த முகங்கள் வந்திருக்குமா?

‘பீட்டர் ரேபிட்’ முயல் கதைகளை எழுதி வரைந்த பீட்ரிக்ஸ் பாட்டர் இன்னொரு விதம். முயல் கதைகளுக்கு முன்பு அவர் காளான்களை வரைந்துகொண்டிருந்தார், நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு, தாவரவியலாளருக்குரிய துல்லியத்தோடு, நூற்றுக்கணக்கில். வீட்டில் வளர்த்த முயல்களையும் எலிகளையும் எல்லாக் கோணத்திலும் வரைந்தார். 1893இல் உடம்பு சரியில்லாத ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் முயல் கதையைப் படத்தோடு எழுதினார். அது புத்தகமாகப் பதிப்பகத்திலிருந்து வந்தது 1902இல். சட்டை போட்ட முயலை நாம் நம்புகிறோம் என்றால், சட்டைக்குள் இருப்பது நிஜ முயலின் எலும்பு என்பதால்தான்.

எனக்குத் தூண்டுதல் தருவதில் பழைய கவிதைக்குப் பெரிய இடம் உண்டு. குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று: அவன் என்னை மறைவாக மணந்த அன்று சாட்சிக்கு யாரும் இல்லை, அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகு மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. குருகின் கால் தினைத்தாள் மாதிரி மெலிந்து பசுமையாக இருந்தது என்பதுவரை சொல்கிறாள். இதற்கு ஒரு படம் போட்டுப் பாருங்கள். குருகு அவர்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்க்கிறது. இருந்த ஒரே சாட்சியும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பயம் முழுக்க அந்தப் பார்வையின் திசையில் இருக்கிறது. காதலர்களைப் படத்தில் காட்டவே வேண்டாம் என்றுகூடத் தோன்றும். நான் இதற்கு இதுவரை முப்பதுக்கு மேல் குட்டிப்படம் போட்டிருக்கிறேன், இன்னும் திருப்தி இல்லை.

படங்களிலிருந்தும் எடுக்கலாம், ஆனால் கொஞ்சம் தள்ளி நிற்கும் படங்களாக இருக்கட்டும். நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2017இல் தன் சேகரிப்பிலுள்ள லட்சக்கணக்கான படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியமும் உயர்தரப் படங்களை இலவசமாகத் தருகிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் 2020இல் 28 லட்சம் படங்களை இதேபோலத் திறந்துவிட்டன. அங்கே ‘ஓவியம்’ என்று தேடாதீர்கள். பூட்டு, காலணி, நிலவரைபடம், பொம்மை, வண்டு என்று தேடுங்கள். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின், 1814 முதல் வெளிவந்த மாதிரிப்படத் தொகுதிகளும் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன, மொத்தம் 15 தொகுதிகள். மல்லர்கள், மீன்கள், பேய்கள், அலை, கோணங்கி முகம் காட்டுகிறவர்கள் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்தை எப்படி நிரப்புவது என்று தெரியாமல் விழிக்கும் நாளில் அதைத் திறப்பேன்.

பார்த்து நகலெடுப்பதைப் பற்றி வகுப்பில் கூச்சம் இருக்கிறது. தேவையில்லை. ரெம்ப்ரான்ட் ஐம்பது வயதை ஒட்டிய காலத்தில், புகழெல்லாம் பார்த்துவிட்ட பிறகு, முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து வரைந்தார். இருபதுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. வான்கோ 27 வயதில் ஓவியராக முடிவு செய்தபோது பார்க் என்பவரின் பயிற்சித் தாள்களைத் திரும்பத் திரும்ப நகலெடுத்தார். கடைசிக் காலத்தில்கூட மில்லேயின் கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களை வைத்துக்கொண்டு தன் நிறங்களில் தீட்டினார். நம்மூர்ப் பத்திரிகை உலகில் ஓவியர் சில்பி கோயில்களில் நேரில் உட்கார்ந்து சிற்பம் சிற்பமாக வரைந்ததும் ஒரு வகையில் இதுதான்: இன்னொரு கலைஞனின் கை எப்படி யோசித்தது என்று தன் கையால் தெரிந்துகொள்வது. ஆனால் ஒரே ஒரு கேள்வியோடு நகலெடுங்கள். கோடு எங்கே தடிக்கிறது? நிழல் எந்த இடத்தில் நிற்கிறது? முழுப் படத்தையும் அச்சாகக் கொண்டுவருவதில் பொழுதுதான் போகும். மூல ஓவியர் பெயரைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நேர்மைக்கும் நல்லது, மதிப்பீட்டின்போது கேள்வி வந்தாலும் நல்லது.

புத்தகத்தின் கடைசி இருபது பக்கங்களைப் பின்னாலிருந்து தொடங்கிச் சொற்களுக்கு ஒதுக்குங்கள். காதில் விழுந்த உரையாடல், புரியாத கனவு, செய்தியில் படித்த விசித்திரம், இரண்டு பொருந்தாத பொருள்கள். வேலை வரும்போது நான் முதலில் திறப்பது அந்தப் பக்கங்களைத்தான். படம் போட்ட பக்கங்களை அப்புறம்தான் பார்ப்பேன்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கப்போவது ஸ்டைல். அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. நான்கு ஸ்கெட்ச்புக் நிரம்பியபின் வரிசையாக வைத்துப் பாருங்கள். நீங்கள் விரும்பியோ விரும்பாமலோ திரும்பத் திரும்பச் செய்தது கண்ணில் படும். இரண்டாம் ஆண்டில் அதைப் பற்றிக் கவலைப்படுவது சீக்கிரம்.

அதைவிட உண்மையான பிரச்சினை ஒன்று உண்டு: ஸ்கெட்ச்புக்கில் துள்ளும் உருவம், இறுதிப் படத்தில் செத்துப்போவது. பென்சிலில் வந்த அந்த அவசரம், சுத்தமாக மறுபடி வரையும்போது காணாமல் போகும். ஆங்கிலேய இல்லஸ்ட்ரேட்டர் குவென்டின் பிளேக் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். முதல்வரைவை ஒளிப்பெட்டி (உள்ளே விளக்கு எரியும் பெட்டி) மேல் வைத்து, அதன் மேல் நீர்வண்ணத் தாளைப் போட்டு, கீழே தெரிவதை அப்படியே ஒற்றி எடுக்காமல், அதை ஒரு வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக முள்பேனாவால் வரைகிறார். ஒற்றி எடுத்தால் கோட்டைத்தான் கை பின்தொடரும். புதிதாக வரைந்தால் அசைவைப் பின்தொடரும். ஒளிப்பெட்டி இல்லாவிட்டால் பகல்நேர ஜன்னல் கண்ணாடி போதும். ஒரே முதல்வரைவிலிருந்து ஐந்து முறை வரைந்து, ஐந்தில் உயிரோடு இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஏ5 அளவு பைக்குள் போகும், நின்றுகொண்டும் வரையலாம். பேனாவுக்கும் பென்சிலுக்கும் 100–120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) தாள் போதும், அதில் தண்ணீர் பட்டால் சுருங்கும். லேசாக வண்ணம் தொடுவதானால் 200 ஜிஎஸ்எம் அளவுக்குப் போங்கள், முழு நீர்வண்ணத்துக்கு 300. நூலால் தைத்த புத்தகம் தட்டையாக விரியும், பசையால் மட்டும் ஒட்டியது நடுவில் பிளக்கும். அரக்கு கலந்த இந்தியன் இங்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும். நான் இரண்டு பேனாவை அப்படித்தான் கொன்றேன். 4பி, 6பி போன்ற மென்மையான பென்சிலின் கரி எதிர்ப் பக்கத்தில் ஒட்டும், நடுவில் ஒரு மெல்லிய தாள் வையுங்கள். இதற்கு மேல் கருவியைப் பற்றி யோசிப்பது வரையாமல் இருப்பதற்கு நல்ல சாக்கு.

கடைசியாக மதிப்பீடு. மதிப்பீட்டாளராக உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கடைசி வாரத்தில் நிரப்பிய நாற்பது பக்கம் பார்த்தவுடன் தெரியும். ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே கையெழுத்து, தேதி மட்டும் வேறு வேறு. அதைச் செய்ய வேண்டாம். பக்கங்களை அலங்கரிக்கவும் வேண்டாம். நாங்கள் தேடுவது ஒரு யோசனையின் தடம். நிலையத்தில் பார்த்த ஒருவரின் முதுகு 14ஆம் பக்கத்தில் இருக்கிறது, அதே முதுகு 31ஆம் பக்கத்தில் குட்டிப்படமாக வருகிறது, 40இல் மூன்று மாற்று வடிவங்கள், அவற்றில் இரண்டு அடிக்கப்பட்டு ‘இது ஏன் சரிவரவில்லை’ என்று ஒரு வரி, பிறகு இறுதிப் படம். இந்தத் தடத்தை எங்கள் கண்ணுக்கு எளிதாக்குங்கள். முதல் பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருப்பீர்கள் அல்லவா, அங்கே பக்க எண்களோடு ஒரு சிறு அட்டவணை போடுங்கள். முக்கியமான ஐந்தாறு இடங்களில் ஒட்டுத்தாள் வையுங்கள். வீணான பக்கங்களை மறைக்காதீர்கள். தோற்ற முயற்சி இல்லாத ஸ்கெட்ச்புக்கைப் பார்த்தால் எங்களுக்குச் சந்தேகம்தான் வரும்.

புதிதாக எட்டாவது புத்தகம் வாங்காதீர்கள். ஏழில் எதன் கடைசிப் படம் மிக மோசமோ, அந்தப் புத்தகத்தை எடுங்கள். அந்தப் படத்தின் மேலேயே, சிவப்புப் பேனாவால், எங்கே தவறியது என்று திருத்துங்கள். ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள், தேதி போடுங்கள். அப்புறம் பக்கத்தைப் புரட்டி, மேலே ஒரு வினையெச்சம்.